கோபுரம் சாயாமல் படமெடுக்க: டில்ட்-ஷிஃப்ட் லென்ஸுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்துக்கு எதிரே நின்று, உச்சியும் படத்துக்குள் வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால், 1959-இல் திறக்கப்பட்ட அந்த நெடிய கட்டடத்தின் இரு விளிம்புகளும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடமே பின்பக்கமாகச் சரிவதுபோலப் படத்தில் விழும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தை அதே முறையில் எடுத்தால் பிழை அவ்வளவு விரைவில் தெரியாது, ஏனென்றால் கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகிச் செல்வது. ஆனால் படத்தை உற்றுப் பார்த்தால், பக்கத்துக் கட்டடங்களின் சுவர்களும் மின்கம்பங்களும் கோபுரத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதையும், மேல்நிலைகள் இருக்க வேண்டிய அளவைவிட ஒடுங்கிக் கலசங்கள் சிறுத்துப் போயிருப்பதையும் காணலாம். சிற்பியும் ஸ்தபதியும் கணக்கிட்டு வைத்த விகிதம் படத்தில் கெட்டுவிடுகிறது.

இதற்கு லென்ஸின் தரம் காரணமன்று. கேமராவின் சென்சாரும் கட்டடத்தின் முகப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே இருக்கும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்த கணத்தில் அந்த இணை குலைந்துவிடுகிறது. ஆகவே கேமராவைச் சாய்க்காமல் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவர ஒரு வழி வேண்டும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் தரும் இரண்டு வசதிகளில், லென்ஸைச் சாய்க்காமல் மேலோ கீழோ பக்கவாட்டிலோ நகர்த்தும் ஷிஃப்ட் என்பது இதற்கானது. லென்ஸை மட்டும் சாய்க்கும் டில்ட் என்பது வேறொரு சிக்கலுக்கு, அதாவது படத்தில் எந்தத் தளம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கு உரியது. இரண்டும் ஒரே லென்ஸில் இருப்பதால் புதியவர்கள் இரண்டையும் ஒரே நாளில் திருகிப் பார்த்துக் குழம்புவதுண்டு. டில்ட்டைப் பூஜ்யத்தில் பூட்டிவிட்டு, சில வாரங்கள் ஷிஃப்ட்டை மட்டும் பழகுங்கள் என்பதே என் முதல் அறிவுரை.

லென்ஸுக்குள் நடப்பது என்ன

ஒவ்வொரு லென்ஸும் வட்டமான ஒரு பிம்பத்தைத்தான் உருவாக்குகிறது. அதற்குள் அமையும் செவ்வகத்தையே சென்சார் பதிவு செய்கிறது. 36×24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் மூலைவிட்டம் 43 மி.மீட்டரைச் சற்றே தாண்டும். சாதாரண லென்ஸின் பிம்ப வட்டம் இந்த மூலைகளை ஒருவாறு மூடுமளவுக்கே இருக்கும். கேனானின் டி.எஸ்-ஈ 24 மி.மீ. இரண்டாம் பதிப்பில் அந்த வட்டம் 67.2 மி.மீ. விட்டமுள்ளது. வட்டம் பெரிதாக இருப்பதால், லென்ஸை மேலே 12 மி.மீ. வரை நகர்த்தினாலும் சென்சார் வட்டத்தை விட்டு வெளியேறாது. கேமரா அசையாமல் நேராக நிற்க, காட்சியின் மேற்பகுதி சென்சாரின்மீது இறங்கி வந்து அமர்கிறது.

பழைய காலப் பெரிய தகட்டுக் கேமராக்களில் முன்பலகையை ஏற்றி இறக்கிச் செய்த வேலைதான் இது. 35 மி.மீ. கேமராவுக்கு இதை முதலில் கொண்டுவந்தது நிக்கான். 1962-இல் வந்த அதன் 35 மி.மீ. பி.சி. லென்ஸில் ஷிஃப்ட் மட்டும் இருந்தது. 1973-இல் கேனான் தன் 35 மி.மீ. லென்ஸில் டில்ட்டையும் சேர்த்தது.

எந்த லென்ஸை எடுப்பது

விலை மிகுந்த பொருள் என்பதால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதே நல்லது. சென்னையில் கேமரா வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பல உள்ளன. திருமண சீசன் அல்லாத நாட்களில் கேட்டால் எளிதாகக் கிடைக்கும். வாங்கி வரும்போது எல்லாத் திருகுகளையும் கடையிலேயே ஒருமுறை முழு அளவுக்குத் திருகிப் பாருங்கள். ஷிஃப்ட் செய்தபின் பூட்டுத் திருகு இறுகப் பிடிக்கிறதா, கேமராவை உயர்த்திப் பிடித்தால் லென்ஸ் தன் எடையில் மெல்லக் கீழிறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கட்டடங்களுக்கு 24 மி.மீ. லென்ஸ்தான் முதல் தேர்வு. கேனான், நிக்கான் இரண்டிலும் இது உண்டு. சாம்யாங் தயாரிக்கும் 24 மி.மீ. லென்ஸ் விலை குறைவு, ஆனால் அதில் அபர்ச்சரையும், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவையும், கையால்தான் மாற்ற வேண்டும். கேனானின் 17 மி.மீ., நிக்கானின் 19 மி.மீ. ஆகியவை நெருக்கடியான தெருக்களில் கைகொடுக்கும் என்றாலும், அருகில் போய் அண்ணாந்து எடுக்கும் பழக்கத்தை அவை வளர்த்துவிடும் என்பதால் தொடக்கத்தில் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. லாவாவின் 15 மி.மீ., 20 மி.மீ. லென்ஸ்களில் ஷிஃப்ட் மட்டுமே உண்டு; கட்டடம் மட்டுமே எடுப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல. இயற்கைக் காட்சிகளில் டில்ட்டைப் பயன்படுத்த நினைப்பவர் 45, 50 அல்லது 90 மி.மீ. லென்ஸைத் தேட வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன்.

இந்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கேனானின் பழைய டி.எஸ்-ஈ லென்ஸ்களைப் உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் மூலம் பொருத்தலாம். உண்மையில் மிரர்லெஸ் கேமராவில்தான் இவற்றைப் பயன்படுத்துவது எளிது, ஏனெனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்ய முடிகிறது.

ஷிஃப்ட்: படிப்படியாக

கிளம்பும் முன் நல்ல கனமான ட்ரைபாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பகுதியில் பந்து மூட்டு இருப்பதைவிட, ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாகத் திருகி நகர்த்தும் கியர் அமைப்பு இருந்தால் வேலை பாதியாகக் குறையும். பந்து மூட்டைத் தளர்த்தி இடவல மட்டத்தைச் சரிசெய்யப் போனால் முன்பின் மட்டம் கெட்டுவிடும். கேமராவின் மேலே பொருத்தும் சிறிய ரசமட்டமும் கையில் இருக்கட்டும். திரையில் தெரியும் மின்னணு மட்டம் போதுமானதுதான் என்றாலும், பளீரென்ற வெயிலில் திரையைவிட ரசமட்டத்தின் குமிழியைப் பார்ப்பது எளிது.

இடத்துக்குச் சென்றதும் லென்ஸில் ஷிஃப்ட், டில்ட் இரண்டும் பூஜ்யத்தில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். டில்ட் அரை டிகிரி விலகியிருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் காரணம் தெரியாமல் மங்கலாகும். பிறகு கேமராவைக் கட்டடத்தை நோக்கி நேராக வைத்து, இடவலம், முன்பின் இரு திசைகளிலும் மட்டம் பாருங்கள். இந்த நிலையில் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் சாலையும் ஷேர் ஆட்டோக்களும் நிறைந்திருக்கும். கட்டடத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கும். கேமராவைச் சாய்க்க வேண்டும் என்று கை துடிக்கும். சாய்க்காதீர்கள். ஷிஃப்ட் திருகை மெல்லத் திருகினால், தரை கீழே இறங்கி மறைய, கட்டடத்தின் உச்சி மேலிருந்து உள்ளே வரும்.

முகப்பை நேர் எதிரே நின்று எடுப்பதானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேமரா மட்டமாக இருந்தாலும் இடப்புறமோ வலப்புறமோ சற்றுத் திரும்பியிருந்தால், கட்டடத்தின் கிடைக்கோடுகள் ஒரு பக்கம் சரியும். 1913-இல் திறக்கப்பட்ட ரிப்பன் கட்டடம் போன்ற நீண்ட வெள்ளை முகப்பில் இந்தப் பிழை மிகத் தெளிவாகத் தெரியும். திரையில் கட்டக்கோடுகளை இயக்கி, கூரையின் கைப்பிடிச் சுவரும் அடித்தளத்தின் விளிம்பும் அக்கோடுகளுக்கு இணையாக ஓடும்வரை கேமராவை இடவலமாக மட்டும் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை முன்பே கணக்கிட்டுவிடலாம். 24 மி.மீ. லென்ஸைக் கிடைவாட்டில் வைத்து 12 மி.மீ. முழுவதும் ஷிஃப்ட் செய்தால், படத்தின் மேல்விளிம்பு சரியாக 45 டிகிரி உயரத்தைத் தொடும். அதாவது நீங்கள் நிற்கும் தொலைவும் கேமராவின் உயரமும் சேர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவு உயரமான கட்டடம் படத்துக்குள் அடங்கும். ஆனால் அப்போது தொடுவானம் படத்தின் அடிவிளிம்பிலேயே வந்து நிற்கும். கேமராவின் உயரத்துக்குக் கீழே உள்ள வாசலோ படிகளோ படத்தில் இருக்காது. ஆகவே உயரமான கட்டடங்களுக்குக் கேமராவை நெட்டுவாட்டில் திருப்புவதே பெரும்பாலும் சரி. நெட்டுவாட்டில் முழு ஷிஃப்ட்டுடன் தொலைவைப் போல 1.25 மடங்கு உயரம் கேமராவுக்கு மேலே கிடைக்கும். கேமராவுக்குக் கீழேயும் தொலைவில் கால் பங்கு தெரியும்.

கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 37 மீட்டர். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மேலே 35.5 மீட்டர் வேண்டும். ஷிஃப்ட் இல்லாத 24 மி.மீ. லென்ஸை நெட்டுவாட்டில் மட்டமாக வைத்தால் இதற்கு ஏறக்குறைய 47 மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும். அதற்குள் பூக்கடைகளும் நிறுத்திய வண்டிகளும் குறுக்கே வந்துவிடும். முழு ஷிஃப்ட் கொடுத்தால் ஏறக்குறைய 28 மீட்டர் போதும். 17 மி.மீ. லென்ஸாக இருந்தால் 20 மீட்டரிலேயே எடுத்துவிடலாம், ஆனால் அத்தனை அருகிலிருந்து எடுக்கும்போது கலசங்கள் மேல்நோக்கி இழுபட்டு நீண்டு தெரியும். இந்தக் கணக்கில் கலசத்துக்கு மேலே வானம் சிறிதும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாகப் பின்வாங்கினால் படம் மூச்சு விடும்.

எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை, கண்ணாடி உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷிஃப்ட் செய்தபின் மீட்டர் காட்டும் அளவை நம்பக் கூடாது. எல்லாம் பூஜ்யத்தில் இருக்கும்போதே அளந்து, மேனுவலில் பூட்டிவிட்டு, அதன் பின் ஷிஃப்ட் செய்ய வேண்டும். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலிருந்தே அளப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அபர்ச்சரை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வையுங்கள் (எண் கூடினால் துளை சிறுக்கும்). ஷிஃப்ட் கூடக் கூட பிம்ப வட்டத்தின் ஓரத்தைப் பயன்படுத்துகிறீர்கள். ஓரங்களில் தெளிவும் ஒளியும் குறைவு என்பதால் முழு ஷிஃப்ட்டுக்கு எஃப் 11 பொருத்தமானது. எஃப் 16-ஐத் தாண்டினால், சிறிய துளையில் ஒளி விரிந்து சிதறும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். ஃபோகஸைக் கட்டடத்தின் நடுப்பகுதியில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்து, பின் உச்சியையும் அதேபோல் பெரிதாக்கிப் பாருங்கள்.

முழுத் திருத்தம் எப்போதும் அழகன்று

கோடுகள் எல்லாம் துல்லியமாகச் செங்குத்தாக இருந்தால் படம் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில், மிக உயரமான ஒன்றை அருகிலிருந்து எடுத்து முழுமையாகத் திருத்தினால், அதன் மேற்பகுதி பருத்து நம்மீது கவிழ்வதுபோன்ற உணர்வு வரும். உயரமான எதையும் அண்ணாந்து பார்க்கும்போது அது மேலே குறுகுவதற்கு நம் கண் பழகியிருக்கிறது. சாந்தோம் பேராலயத்தின் கூர்கோபுரத்தைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுப்பதுபோன்ற இடங்களில், முதலில் ஷிஃப்ட்டை வேண்டிய அளவுக்குக் கொடுத்துவிட்டு, கேமராவை ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துவிடுவது என் வழக்கம். பார்ப்பவருக்குச் சாய்வு தெரியாது. ஆனால் கோபுரம் இயல்பாக நிற்கும். எல்லா இடத்திலும் இதைச் செய்யலாகாது. செனட் ஹவுஸ் போன்று உயரத்தைவிட அகலம் மிகுந்த கட்டடத்தில், நான்கு மூலைக் கோபுரங்களும் இம்மி பிசகாமல் நிற்பதுதான் படத்துக்கே அழகு.

மென்பொருளில் இதைத் திருத்திக்கொள்ள முடியாதா என்ற கேள்வி நியாயமானது. முடியும். சிறிய சாய்வாக இருந்து, கேமராவில் பிக்சல்களும் தாராளமாக இருந்தால், வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். இணையத்தில் பகிர்வதற்காக மட்டும் எடுப்பவர் இந்த லென்ஸை வாங்கத் தேவையில்லை என்றே சொல்வேன். ஆனால் சாய்வு பெரிதானால் மென்பொருள் மேற்பகுதியை அகலமாக இழுக்கிறது. இழுத்த இடத்தில் நுணுக்கம் குறைகிறது, கீழ் மூலைகள் காலியாகின்றன, அவற்றை வெட்டும்போது படத்தின் அகலமும் போய்விடுகிறது. கட்டடத்தின் உயர அகல விகிதத்தையும் பிறகு ஊகித்தே சரிசெய்ய வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, இறுதிப் படம் எப்படி இருக்கும் என்பதை இடத்திலேயே பார்க்க முடியாமல் போவது. ஷிஃப்ட் லென்ஸில் வலப்புற மரக்கிளை கோபுரத்தைத் தொடுகிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும், ஓரடி நகர்ந்து நின்றுகொள்ளலாம்.

பக்கவாட்டிலும் கீழேயும்

ஷிஃப்ட்டை மேலே மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. சென்னையில் நல்ல முகப்புள்ள கட்டடத்தின் நேர் எதிரே ஒரு மின்கம்பமோ, டிரான்ஸ்பார்மரோ, ஃபிளெக்ஸ் பேனரோ இல்லாமலிருப்பது அரிது. அப்போது சில அடிகள் இடப்புறம் தள்ளி நின்று, கேமராவை முகப்புக்கு இணையாகவே வைத்துக்கொண்டு, லென்ஸை வலப்புறம் ஷிஃப்ட் செய்தால், நேர் எதிரே நின்று எடுத்ததுபோன்ற படமே கிடைக்கும். கம்பம் ஓரத்துக்குப் போய்விடும். ஓ.எம்.ஆர். பக்கத்துக் கண்ணாடி முகப்புகளில் உங்கள் நிழலுருவமும் ட்ரைபாடும் பிரதிபலிப்பதைத் தவிர்க்கவும் இதே வழிதான்.

மொட்டை மாடியிலிருந்து எடுக்கும்போது கீழ்நோக்கிய ஷிஃப்ட் பயன்படும். ஒரு தெப்பக்குளத்தையோ நான்கு மாடவீதியையோ மேலிருந்து எடுக்கக் கேமராவைக் கவிழ்த்தால், வீடுகள் எல்லாம் கீழே குறுகி வெளிப்பக்கம் சரியும். கேமராவை மட்டமாக வைத்து லென்ஸைக் கீழே இறக்கினால், சுவர்கள் நேராக நிற்க, குளத்தின் படிக்கட்டுகள் உள்ளே வரும்.

அகலமான படம் வேண்டுமென்றால், கேமராவை அசைக்காமல் லென்ஸை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் நகர்த்தி எடுத்த படங்களை ஒட்டலாம். கிடைவாட்டில் இரு புறமும் 12 மி.மீ. நகர்த்தினால் 60×24 மி.மீ. சென்சாரில் எடுத்ததற்கு ஈடான படம் கிடைக்கும். கேமரா திரும்பாததால் கோடுகள் வளையாமல் ஒட்டும். மிக அருகில் தூணோ செடியோ இருந்தால் மட்டும், லென்ஸ் நகர்ந்த அளவுக்கு அது இடம் மாறித் தெரியும்.

டில்ட்: சிறிதளவே போதும்

சாதாரண லென்ஸில் தெளிவாக விழும் தளம் சென்சாருக்கு இணையாக, ஒரு கண்ணாடிச் சுவர்போல் எதிரே நிற்கும். லென்ஸைச் சாய்த்தால் அந்தத் தளமும் சாயும். சென்சாரின் தளம், லென்ஸின் தளம், தெளிவுத் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்ற விதியை, வானிலிருந்து எடுத்த படங்களை நிலப்பட வரைவுக்குத் திருத்த முயன்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-ஆம் ஆண்டின் காப்புரிமையில் விளக்கினார். களத்தில் நமக்கு அதைவிடப் பயன்படுவது இன்னொரு விதி. கேமரா மட்டமாக இருந்து லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது, தெளிவுத் தளம் லென்ஸுக்கு நேர் கீழே உள்ள ஒரு கோட்டைக் கீலாகக் கொண்டு சுழலும். டில்ட் எவ்வளவு என்பது அந்தக் கீல் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்பதை முடிவு செய்கிறது. ஃபோகஸ் வளையம் தளத்தை அந்தக் கீலில் ஏற்றி இறக்குகிறது. கீலைத் தரைமட்டத்தில் வைத்துவிட்டால், தரை முழுவதையும் தெளிவுத் தளமாக்கிவிடலாம்.

கணக்கு எளியது. லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது 24 மி.மீ. போன்ற அதன் எண்ணை, கேமராவின் உயரத்தால் வகுத்து, இரண்டையும் மி.மீட்டரில் வைத்துக்கொண்டு, 57-ஆல் பெருக்கினால் வேண்டிய டிகிரி கிடைக்கும். 1.5 மீட்டர் உயரத்தில் 24 மி.மீ. லென்ஸுக்கு வருவது 0.9 டிகிரி மட்டுமே. அரை மீட்டர் உயரத்துக்கு இறங்கினால் 2.7 டிகிரி. அதே 1.5 மீட்டரில் 45 மி.மீ. லென்ஸுக்கு 1.7, 90 மி.மீ. லென்ஸுக்கு 3.4 டிகிரி. லென்ஸ் எட்டு டிகிரி வரை சாயும் என்பதால் எட்டு டிகிரியும் கொடுத்துப் பார்ப்பவர்கள், தரைக்குப் பதிலாக நடுவானில் எங்கோ ஒரு தளத்தைத் தெளிவாக்கிவிட்டு, டில்ட் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இங்கேதான் எந்த லென்ஸுக்கு டில்ட் உண்மையில் தேவை என்பதும் விளங்கும். 24 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை டில்ட் இல்லாமலே ஓரளவு தெளிவாகிவிடும். கேமராவைத் தரையோடு ஒட்டி வைத்தால் அல்லது பெரிய அளவில் அச்சிட நினைத்தால் மட்டும் டில்ட் உதவும். 90 மி.மீ. லென்ஸில் நிலைமை முற்றிலும் வேறு: எஃப் 8-இல் தொடுவானம் தெளிவாக வேண்டுமென்றால் அண்மைப்பகுதி 17 மீட்டருக்கு அப்பால்தான் தெளிவாகத் தொடங்கும். பட்டினப்பாக்கத்து மணலில் கிடக்கும் வலையின் முடிச்சுகளும், அதற்குப் பின்னால் கரையேற்றிய ஃபைபர் படகுகளும், அலைக்கோடும் ஒரே படத்தில் தெளிவாக வர வேண்டும் என்றால் 90 மி.மீ. லென்ஸில் டில்ட்டைத் தவிர வேறு வழியில்லை.

செய்முறை இது. கேமராவை மட்டம் பார்த்து, டில்ட் பூஜ்யத்தில் இருக்கும்போது படத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்ட அளவுக்கு லென்ஸைக் கீழ்நோக்கி டில்ட் செய்யுங்கள். திரையில் தொலைவிலுள்ள ஒரு பொருளை, தொடுவானத்துக் கப்பல் என்று வைத்துக்கொள்வோம், பெரிதாக்கி, அது தெளியும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். பின் அருகிலுள்ள வலையைப் பெரிதாக்குங்கள். அது மங்கலாக இருந்தால் டில்ட்டைக் கடுகளவு கூட்டியோ குறைத்தோ தெளிவாக்குங்கள். இதனால் கப்பல் சற்று மங்கியிருக்கும். மறுபடியும் அதை வளையத்தால் சரிசெய்யுங்கள். தொலைவுக்கு வளையம், அண்மைக்கு டில்ட் என்று மாறி மாறிச் செய்யும்போது, ஒவ்வொரு சுற்றிலும் திருத்தம் சிறிதாகிக்கொண்டே வந்து இரண்டும் நிலைபெறும். இதை அபர்ச்சர் முழுவதும் திறந்திருக்கும்போது செய்து, எடுக்கும் முன் எஃப் 8 அல்லது எஃப் 11-க்குக் கொண்டுவாருங்கள்.

டில்ட் செய்தபின் தெளிவான பகுதி ஆப்பு வடிவில் இருக்கும். கூர்முனை கேமராவின் அடியில், அகன்ற பக்கம் தொலைவில். ஆகவே தொலைவில் உயரமான கலங்கரை விளக்கம் இருந்தாலும் கவலையில்லை. அருகில் உயரமாக எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. படகின் அடிப்பகுதி தெளிவாகவும், அதே படகில் நட்டிருக்கும் கொடிக்கம்பின் உச்சி மங்கலாகவும் வருவது இதனால்தான். அப்படியொரு பொருள் தவிர்க்க முடியாததானால், தளத்தை மணலில் படுக்க வைக்காமல், அந்தப் பொருளின் நடு உயரத்தை ஊடுருவிச் செல்லுமாறு சற்று உயர்த்துங்கள், அபர்ச்சரையும் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் டில்ட்டைக் கைவிட்டு, வெவ்வேறு தொலைவுகளில் ஃபோகஸ் செய்த படங்களை மென்பொருளில் இணைப்பதே அறிவுடைமை. காற்று வீசும் வயலில் அந்த இணைப்பு சரிவராது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிப்பாசன வயல்களில் நெற்பயிர் அசைந்துகொண்டேயிருக்கும். ஒரே கிளிக்கில் முடிக்கும் டில்ட்டுக்கு அங்கே மாற்றில்லை.

லென்ஸைச் சுழற்றி டில்ட்டைப் பக்கவாட்டில் வைத்தால், நீண்டு செல்லும் மதில்சுவரையோ தூண் வரிசையையோ முழுவதும் தெளிவாக்கலாம். கேமராவின் உயரத்துக்குப் பதிலாகச் சுவருக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள குறுக்குத் தொலைவைக் கணக்கில் போட வேண்டும், அவ்வளவுதான். இரு பக்கமும் தூண்கள் உள்ள பிராகாரத்தில் இது ஒரு பக்கத்துக்கு மட்டுமே உதவும். சில பழைய லென்ஸ்களில் டில்ட்டும் ஷிஃப்ட்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், இரண்டையும் ஒரே திசையில் சேர்த்துப் பயன்படுத்த விரும்புபவர் வாடகைக்கு எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நகரத்தைப் பொம்மைபோல் காட்டும் விளையாட்டுப் படங்களுக்கு டில்ட்டை எதிர்த்திசையில் கொடுத்தால் போதும்; அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

இடம், நேரம், அனுமதி

கிழக்கு நோக்கிய கோபுரங்களுக்கு விடியலுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேர வெளிச்சம் சிறந்தது. சுதைச் சிற்பங்களின் வண்ணம் அப்போதுதான் வெளிறாமல் இருக்கும். அண்ணா சாலையில் ட்ரைபாட் விரிக்க ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் தவிர வேறு நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டாம். உயர் நீதிமன்ற வளாகம், கோட்டையிலுள்ள தலைமைச் செயலகம், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் முறையான அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களில் கையில் கேமராவோடு போவது வேறு, ட்ரைபாட் விரிப்பது வேறு. பின்னதற்கு முன்னனுமதி வேண்டும். கோயில்களில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரிய லென்ஸையும் ட்ரைபாடையும் பார்த்ததும் சினிமா படப்பிடிப்பா என்று கூட்டம் கூடுவது சென்னைக்கே உரியது. ஓரிருவருக்குத் திரையில் படத்தைக் காட்டிவிட்டால் கூட்டமே உங்களுக்காகப் போக்குவரத்தை ஒதுக்கிவிடும்.

கடற்கரை வேலைக்குப் பின் பராமரிப்பில் அலட்சியம் கூடாது. ஷிஃப்ட் தடமும் டில்ட் மூட்டும் திறந்த இயந்திர அமைப்புகள்; மழையும் தூசியும் புகாதபடி மற்ற லென்ஸ்களுக்கு இருக்கும் பாதுகாப்பு பொதுவாக இவற்றுக்கு இல்லை. மணல் துகள் ஒன்று பல்சக்கரத்தில் நுழைந்தால், அடுத்த முறை திருகும்போது கரகரவென்ற ஓசை கேட்கும். லென்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் முன்பே மெல்லிய தூரிகையால் தடத்தைத் துடைத்துவிடுங்கள். காற்றூதியால் ஊதினால் துகள் உள்ளே போகும் வாய்ப்பு உண்டு. உப்புக் காற்று படிந்த உலோகப் பகுதிகளைச் சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும் என்பதால், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியிலாவது லென்ஸை வையுங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைத் திறக்கும்போது இன்னொரு வேலை இருக்கிறது. எத்தனை மி.மீ. ஷிஃப்ட், எத்தனை டிகிரி டில்ட் என்பது பொதுவாகப் படக்கோப்பில் பதிவாவதில்லை. ஓர இருளைத் தானாகத் திருத்தும் மென்பொருள், லென்ஸ் நடுவில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, ஷிஃப்ட் செய்த படத்தின் ஒரு பக்கத்தைத் தவறாக வெளுக்கச் செய்யும். ஆகவே அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, வானத்தின் மேல்விளிம்பில் இருண்ட பகுதியை மட்டும் கையால் படிப்படியாக வெளுக்கச் செய்யுங்கள். எடுக்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் ஷிஃப்ட், டில்ட், கேமராவின் உயரம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்தால் இந்த வேலை விரைவில் முடியும். அதே இடத்துக்கு வேறொரு வெளிச்சத்தில் திரும்பப் போகும்போது, ட்ரைபாடை எங்கே ஊன்றி லென்ஸை எந்த அளவில் வைப்பது என்பதையும் அந்த நோட்டைப் பார்த்தே செய்துவிடலாம்.